கணவாயின் இருபுறமும் ஒரே பறவையா?

பறவை பார்ப்பவர்களில் பலரும் தாம் கண்ட சிற்றினங்களின் பட்டியலைச் செயலியில் பதிந்து வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: வீட்டை விட்டு வெளியே போகாமலேயே அது சில நாட்களில் நீண்டுவிடும். உதகையில் பார்த்ததும் கொடைக்கானலில் பார்த்ததும் ஒரே பறவை என்று பல காலம் ஒரே வரியில் இருந்தவை, வகைப்பாட்டில் ஒரு திருத்தம் வந்ததும் இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்கும். என் பட்டியலில் அவ்வாறு பிரிந்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் வாழும் இரண்டு கூட்டங்கள். இன்று ஆங்கிலப் பட்டியல்கள் சிலவற்றிலும் சோலாக்கிளி, சிலப்பன் என்றே வழங்கப்படுபவை. எங்கள் பறவைக் குழுவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இந்தத் திருத்தங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் சொன்னது இது: “பறவை அங்கேயேதான் இருக்கிறது. இறகும் அதேதான், குரலும் அதேதான். மாறியது நம் தாள் மட்டும். இதை எப்படி சார் கண்டுபிடிப்பு என்கிறீர்கள்?” இந்தக் கேள்விக்குச் சட்டென்று ஒரு பதில் சொல்லிவிட முடியும். ஆனால் சொல்லும் ஒவ்வொரு பதிலும் சற்று தூரம் போனதும் சிற்றினம் என்றால் என்ன என்ற பழைய கேள்வியிலேயே போய் முட்டுகிறது.

சோலாக்கிளி என்ற பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். சோலைக்காட்டின் அடியடுக்கில், ஈரமான நிழலில், தரையோடு தரையாகப் பூச்சி பொறுக்கும் சின்னஞ்சிறு கருநீலப் பறவை அது. நீலகிரியில் இருப்பதன் விலாப்புறம் செம்பழுப்பு. ஆனைமலை, பழனி மலைப் பகுதிகளில் இருப்பதற்கு அந்தச் செம்பழுப்பு இல்லை, வயிறு வெள்ளை. சிலப்பன்கள் சற்றே பெரியவை, கூட்டமாகத் திரிபவை, ஓயாமல் சத்தமிடுபவை. நீலகிரிச் சிலப்பனின் மார்பு செம்பழுப்பு. பழனிச் சிலப்பனின் மார்பு சாம்பல். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது இதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். ஆனால் ஒரே சிற்றினத்துக்குள்ளும் இதைவிடப் பெரிய நிறவேறுபாடுகள் உண்டு. நிறத்தில் வேறுபாடே காட்டாத இரு பறவைகள் தனித்தனிச் சிற்றினங்களாக இருப்பதும் உண்டு. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் இந்த விவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முடிந்திருக்கும். அப்படி முடியவில்லை. அந்நூற்றாண்டில் தனித்தனிச் சிற்றினங்களாகப் பெயர் பெற்ற சோலாக்கிளிகளைப் பின்வந்தவர்கள் ஒரே சிற்றினத்தின் இரண்டு துணையினங்களாக ஒட்டினார்கள். 2005-இல் வெளிவந்த தெற்காசியப் பறவைக் கையேடு ஒன்று அவற்றை மறுபடியும் பிரித்தது. ஒட்டுவதும் வெட்டுவதுமான இந்த ஊசலாட்டத்தைக் கண்டவர்களுக்கு, இதெல்லாம் அறிஞர்களின் மனப்போக்கைப் பொறுத்ததுதானோ என்ற ஐயம் வருவது இயல்பு.

ஒரே காட்டுக்குள் எளிது

சிற்றினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வரையறையைச் செம்மையாகச் சொல்லி நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர். ஜெர்மனியில் பிறந்த அவர் 1928-இல் நியூகினிக்குப் போய் ஆர்ஃபாக் மலையில் பறவைகளைச் சேகரித்தார். தாம் 137 சிற்றினங்களாகப் பிரித்தறிந்த பறவைகளுக்கு அந்த மலையின் மக்கள் 136 பெயர்கள் வைத்திருந்ததை அவர் பிற்காலத்தில் அடிக்கடி நினைவுகூர்ந்தார். அருங்காட்சியகப் பயிற்சி பெற்றவரும் காட்டில் வேட்டையாடி வாழ்பவரும் ஏறத்தாழ ஒரே எண்ணுக்கு வந்து சேர்கிறார்கள் என்றால், சிற்றினம் என்பது நம் தலைக்குள் மட்டும் இருக்கும் கற்பனையாக இருக்க முடியாது என்பது அவருடைய வாதம். 1942-இல் அவர் தந்த வரையறை இதுதான்: தமக்குள் இனக்கலப்பு செய்துகொள்ளும், அல்லது செய்துகொள்ளக் கூடிய, இயற்கையான கூட்டங்களின் தொகுதி; அது பிற தொகுதிகளிடமிருந்து இனப்பெருக்கத்தில் தனிமைப்பட்டிருக்கும்.

ஒரே காட்டில் அருகருகே வாழும் உயிர்களுக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. அவை தினமும் சந்திக்கின்றன. கலக்க வாய்ப்பிருந்தும் கலப்பதில்லை. ஒன்று பாடும் பாட்டை மற்றொன்று சட்டை செய்யாது. ஒன்று இனம்பெருக்கும் பருவத்தில் மற்றொன்று தயாராக இருக்காது. மீறிக் கலந்தாலும் கோவேறு கழுதையைப் போலப் பிறப்பது மலடாகிவிடும். இத்தகைய தடைகளை 1937-இல் மரபியலாளர் தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி முறையாகத் தொகுத்திருந்தார். பாலினக் கலப்பே இல்லாத பாக்டீரியாவுக்கு இந்த வரையறை உதவாது, தாவரங்களில் கலப்பினங்கள் தாராளமாக உண்டாகின்றன என்ற ஆட்சேபங்களெல்லாம் உண்மைதான். ஆனால் என்னை உறுத்துவது அவையல்ல. முதுகெலும்புள்ள, ஆணும் பெண்ணுமாகக் கூடி முட்டையிடும் சாதாரணப் பறவைக்கே இந்த வரையறை ஓரிடத்தில் வாயடைத்துப் போகிறது என்பதுதான். மயரின் நியூகினிச் சாட்சியம் ஒரே மலையில் கிடைத்தது. அந்த மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போய், அங்கிருக்கும் சற்றே மாறுபட்ட பறவை இதே சிற்றினம்தானா என்று கேட்டால், அந்த மக்களிடமும் விடை இருந்திருக்காது.

கணவாய் என்ன செய்கிறது

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் மலையைக் கடக்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் கடந்துவிடுகிறார்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுமே 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. நடுவில் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில், கடல் மட்டத்திலிருந்து நூறு நூற்றைம்பது மீட்டர் உயரமே உள்ள பாலக்காட்டுக் கணவாய். பருந்துக்கு இது ஒரு தூரமே இல்லை. குளிர்ந்த சோலையின் அடியடுக்கை விட்டு வெளியே வராத, நீண்டு பறக்கத் தெரியாத சோலாக்கிளிக்கோ இது கடல். தெற்கே செங்கோட்டைக் கணவாய் இதைவிடக் குறுகியது. ஆனாலும் அதற்கப்பால் உள்ள அகத்தியமலைப் பகுதியின் பறவைகள் வடக்கே இருப்பவற்றிடமிருந்து விலகி நிற்கின்றன. பனியூழிக் காலத்துத் தட்பவெப்ப மாற்றங்களில் மலைக்காடுகள் விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கின்றன. ஆகவே இந்தத் தடைகள் எல்லாக் காலத்திலும் ஒரே அளவு கடுமையாக இருந்திருக்காது. இருந்தும் பிரிவின் அடையாளம் மரபணுவில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

பிரிந்து வாழ்ந்தால் மட்டும் ஏன் வேறு சிற்றினமாக வேண்டும்? எந்தப் பறவையும் தன் பழைய உறவை முறித்துக்கொள்ளத் திட்டமிடுவதில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது ஏட்டுச்சுவடி. ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த ஒரு வெண்பா இரண்டு மடங்களில் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மடத்தில் யாரோ ஒரு சீரின் ஈற்றை மாற்றிவிடுகிறார். தளை தட்டவில்லை, ஆகவே அது நிலைத்துவிடுகிறது. மற்ற மடத்தில் வேறொருவர் அதற்கு அடுத்த சீரின் முதலை மாற்றுகிறார். அங்கும் தளை தட்டவில்லை. இரண்டு பாடங்களும் தத்தம் ஏட்டில் குற்றமற்றவை. பல காலம் கழித்து இரண்டையும் சேர்த்துப் பதிப்பிக்க வருபவர் இதிலிருந்து ஒரு சீரையும் அதிலிருந்து ஒரு சீரையும் எடுத்து வைத்தால், இதுவரை எங்கும் அருகருகே நின்றிராத இரண்டு மாற்றங்கள் முதன்முறையாகச் சந்திக்கின்றன, வெண்பா கெடுகிறது. டாப்ஷான்ஸ்கியும் இன்னொரு மரபியலாளரான ஹெர்மன் முல்லரும் விளக்கிய மரபணு ஒவ்வாமை ஏறத்தாழ இப்படித்தான் நிகழ்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நிலைத்த மாற்றம் அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற மரபணுக்களோடு ஒத்துப்போவது சோதிக்கப்பட்டிருக்கிறது. கணவாய்க்கு அப்பால் உள்ளவற்றோடு ஒத்துப்போகுமா என்பது ஒருபோதும் சோதிக்கப்பட்டதில்லை. பிரிவு இங்கே நோக்கமன்று, பக்கவிளைவு. இயற்கைத் தேர்வு இதைத் துரிதப்படுத்தலாம், சிறிய கூட்டங்களில் தற்செயலும் போதும், பெண் பறவைகளின் விருப்பம் பாட்டையும் நிறத்தையும் வேறு திசையில் இழுத்துச் செல்லலாம். எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை மரபணுக்கள் இங்கிருந்து அங்கு போகாமல் இருப்பதுதான்.

2017-இல் வி.வி. ராபின், சி.கே. விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இந்தப் பறவைகளின் கதையை மாற்றி எழுதியது. மரபணு, உடலளவுகள், இறகின் நிறம், பாடல் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்த அவர்கள், அதுவரை வேறு ஆசியப் பேரினங்களில் மாறி மாறி வைக்கப்பட்டிருந்த இவற்றுக்கு ஷோலிகோலா, மான்டெசின்க்லா என்ற இரண்டு புதிய பேரினங்களை உண்டாக்கினார்கள். அதுமட்டுமன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள சோலாக்கிளியைப் புதிய சிற்றினமாக விவரித்தார்கள். சோலாக்கிளிகள் மூன்று, சிலப்பன்கள் நான்கு என்பது இப்போதைய கணக்கு. சிலப்பன்களில் ஒன்று, நீலகிரிக்கு வடமேற்கே வயநாட்டின் பாணாசுர மலை போன்ற சில உச்சிகளில் மட்டும் வாழ்வது.

இதுவரை எல்லாம் தெளிவு. இப்போது கணித ஆசிரியரின் இடத்தில் நின்று கேட்போம். நீலகிரிச் சிலப்பனும் பழனிச் சிலப்பனும் சந்தித்தால் கலக்குமா? மயரின் வரையறை கேட்கும் கேள்வி இதுதான். ஆனால் அவை சந்திப்பதில்லை. சந்திக்காத இரு கூட்டங்களைப் பார்த்து, சந்தித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பது, நடக்காத ஒன்றைப் பற்றிய ஊகத்தின் மேல் வகைப்பாட்டைக் கட்டுவதாகும். “செய்துகொள்ளக் கூடிய” என்ற பகுதியை மயரே தம் பிற்கால வரையறையிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்துவிட்டாலும் கேள்வி போய்விடவில்லை; அதைச் சந்திக்கும் பொறுப்பு மட்டும் வகைப்பாட்டாளரின் தனிப்பட்ட தீர்ப்புக்கு மாறியது.

ஊகத்தை அளக்கும் வழிகள்

ஊகம் என்று தள்ளிவிடாமல், அதை நேர்மையாக மதிப்பிடச் சில வழிகள் கண்டிருக்கிறார்கள். ஒன்று பாட்டை எடுத்துப்போய் ஒலிக்கவிடுவது. ஒரு மலையில் பதிவு செய்த ஆணின் பாடலை இன்னொரு மலையில், அதன் உறவுப் பறவையின் எல்லைக்குள் ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். தன் எல்லைக்குள் போட்டியாளன் புகுந்துவிட்டான் என்று சீறிக்கொண்டு வந்தால், அந்தப் பாட்டை அது தன் இனத்தின் பாட்டாக ஏற்கிறது. இலை தின்னும் புழுவைத் தேடிக்கொண்டு பேசாமல் இருந்தால், அது வேறு யாரோ. தென் அமெரிக்கப் பறவைகள் பலவற்றில் இதை முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். பறவையையே கேட்டுவிடுவதால் எனக்கு இந்த முறையில் ஒரு தனிப்பிரியம் உண்டு. ஆனால் ஆண் சீறுவது ஒன்று, பெண் ஏற்பது வேறு. ஏற்றுப் பிறந்த குஞ்சு பிழைப்பது இன்னும் வேறு.

இன்னொரு வழி 2010-இல் ஜோசப் டோபையாஸும் அவருடைய சகாக்களும் முன்வைத்த மதிப்பெண் முறை. ஒரே இடத்தில் கலக்காமல் வாழும் நெருங்கிய சிற்றினச் சோடிகளை எடுத்துக்கொண்டு, நிறத்திலும் அளவிலும் குரலிலும் அவை பொதுவாக எவ்வளவு வேறுபடுகின்றன என்று முதலில் அளந்தார்கள். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் அதன் கனத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண். பிரிந்து வாழும் இரு கூட்டங்கள் ஏழு மதிப்பெண் எடுத்தால் தனிச் சிற்றினங்கள். பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் இந்த முறையைத் தன் உலகப் பட்டியலுக்குப் பயன்படுத்தியது. மரபணுவுக்கு இதில் மதிப்பெண் கிடையாது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஏன் ஏழு, ஏன் ஆறு அல்ல என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கோடு எங்கே விழுகிறது என்பதில் நம் வசதி கலந்திருக்கிறது. அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை. பக்கத்தில் இருந்தும் கலக்காதவை எவ்வளவு மாறியிருக்கின்றன என்று இயற்கையே காட்டிய அளவைத்தான் தூரத்தில் இருப்பவற்றின் மீது வைத்துப் பார்க்கிறார்கள். கணித ஆசிரியருக்கும் இந்த இடம் பிடித்திருந்தது. ஆனால் அளவுகோலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்க அவர் தவறவில்லை.

மிக அரிதாக, பிரிந்தவை மறுபடி சந்திக்கும் சோதனையை இயற்கையே நடத்திவிடுகிறது. அதில் பங்கெடுத்த பறவை குளிர்காலத்தில் நம் ஊர் மரங்களிலேயே இருக்கிறது. பச்சைக் கதிர்க்குருவி திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையம்போலப் பரவியிருக்கிறது. தெற்கே இமயமலையில் வாழ்பவற்றின் பாடல் எளிமையானது. அங்கிருந்து மேற்கு வழியாக வடக்கே போகப் போகப் பாடல் ஒருவிதமாகச் சிக்கலாகிறது, கிழக்கு வழியாகப் போகப் போக வேறுவிதமாகச் சிக்கலாகிறது. அடுத்தடுத்த கூட்டங்களுக்கிடையே வித்தியாசம் சிறிது. ஆனால் சைபீரியாவில் வளையத்தின் இரு முனைகளும் சந்திக்கும்போது, அவை பெரும்பாலும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. டேரன் இர்வினும் அவருடைய சகாக்களும் 2001-இல் இதை வெளியிட்டபோது, ஒரு சிற்றினம் இரண்டாகும் பாதை முழுவதையும் நிலப்படத்தில் விரித்துக் காட்டியதாகவே தோன்றியது. மேற்கு முனையைச் சேர்ந்தவைதான் இந்தியாவுக்கு வலசை வருபவை. 2014-இல் வந்த மரபணுத்தொகுதி தழுவிய ஆய்வு படத்தைக் கொஞ்சம் கலைத்தது: அந்த வளையம் எப்போதும் அறுபடாமல் இருந்ததில்லை, இடையில் நிலப்பிரிவுகள் இருந்திருக்கின்றன, முனைகளுக்கிடையே சிறிது கலப்பும் நடந்திருக்கிறது. நான் இதை ஏமாற்றமாகக் கொள்ளவில்லை. பாடநூலில் போடுவதற்கேற்ற அழகு குறைந்தது, அவ்வளவுதான்.

பாட்டு மட்டும் போதாது என்று தெரிந்த இடம்

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்கு ஒரு நிலைப்பாடு உருவாகிவந்தது. சந்தித்தால் கலக்குமா என்று எதிர்காலத்தைப் பார்த்துக் கேட்பதைவிட, எவ்வளவு காலமாகத் தனித்தனியே போய்க்கொண்டிருக்கின்றன என்று கடந்தகாலத்தைப் பார்த்துக் கேட்பதே மேல். நடந்துவிட்ட பிரிவுக்குச் சாட்சியங்கள் மரபணுவிலும் குரலிலும் இருக்கின்றன. நடக்காத சந்திப்புக்குச் சாட்சியமே இல்லை. இந்த நிலைப்பாட்டை அசைத்தது 2016-இல் சேதனா புருஷோத்தமும் ராபினும் சோலாக்கிளிகளின் பாடல்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. தொன்மையான மரபணுப் பிரிவுகளுக்கு இருபுறமும் உள்ள கூட்டங்களின் பாடல்கள் வேறுபட்டிருந்தன, அது எதிர்பார்த்ததே. ஆனால் மனிதர்கள் அண்மையில் காட்டை அழித்ததால் துண்டுபட்ட கூட்டங்களின் பாடல்களும் வேறுபடத் தொடங்கியிருந்தன; எந்தெந்தக் கூறுகளில் வேறுபடுகின்றன என்பதுதான் மாறியிருந்தது. தேயிலைக்கும் தைலமரத்துக்கும் வாட்டில் மரத்துக்கும் சோலைகளும் புல்வெளிகளும் இடம்விட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நடந்த கதை. பறவைகளின் பரிணாமக் கணக்கில் அது நேற்று. அதே பறவைகளில் அண்மைத் துண்டுபடலின் தடம் மரபணுவிலும் தெரிகிறது என்பதை ராபின் குழுவினரின் வேறோர் ஆய்வு காட்டியிருக்கிறது.

தனித்தனியே போகத் தொடங்கிவிட்டால் தனிச் சிற்றினம் என்று சொல்வோமானால், ஒரு தேயிலைத் தோட்டத்தின் இருபுறமும் உள்ள பறவைகளையும் அப்படித்தான் சொல்ல வேண்டிவரும். அப்படி யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பாட்டு வேறு என்பது ஒரு தடயம். பாட்டு கற்றுக்கொள்ளப்படுவது, சில தலைமுறைகளில் மாறக்கூடியது. அது மட்டும் சாட்சி சொன்னால் போதாது. இங்கேதான் கெவின் டி கெய்ரோஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் முன்வைத்த பார்வை எனக்குக் கைகொடுத்தது. சிற்றினம் என்பது தனியே பரிணமித்துச் செல்லும் ஒரு கொடிவழி. கலக்காமை, நிறவேறுபாடு, மரபணு இடைவெளி, வாழிட வேறுபாடு ஆகியவை எல்லாம் அந்தப் பிரிவின் வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறு வரிசையில் வந்து சேரும் அடையாளங்கள் என்கிறார் அவர். ஓர் அறிஞர் ஓர் அடையாளத்தையும் மற்றவர் இன்னோர் அடையாளத்தையும் பிடித்துக்கொண்டு சண்டையிடுவது, எல்லா அடையாளங்களும் இன்னும் வந்து சேராத அந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றித்தான். எல்லாம் வந்துவிட்டால் சண்டை இல்லை. எதுவுமே வராதபோதும் சண்டை இல்லை. சோலாக்கிளி, சிலப்பன் விஷயத்தில் மரபணுவும் நிறமும் அளவும் பாடலும் ஒன்றையொன்று சாராமல் அதே கணவாய்களைச் சுட்டுகின்றன. தேயிலைத் தோட்டத்தின் இருபுறமும் பாடலும் மரபணுக்களின் விகிதமும் மெல்ல நகரத் தொடங்கியிருக்கின்றன, அவ்வளவே. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அளக்கக்கூடியது.

கணவாய் ஒரு சிற்றினத் தொழிற்சாலை அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ராபின் குழுவினர் 2015-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 23 பறவைச் சிற்றினங்களில் 356 பறவைகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, பத்துச் சிற்றினங்களில்தான் மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயோடு பொருந்தியது. அதே பள்ளம், அதே தட்பவெப்பம், அதே காலம். மீதியுள்ளவற்றில் அந்தத் தடம் இல்லை. தென்னிந்திய யானைகளிலும் இந்தக் கணவாயின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே மரபணு வேறுபாடு இருப்பதை டி.என்.சி. வித்யா, ராமன் சுகுமார் முதலியோர் 2005-இல் காட்டினார்கள். அவற்றைத் தனிச் சிற்றினங்கள் என்று யாரும் கருதவில்லை, கருத அவசியமும் இல்லை. பிரிவின் ஆழத்தைத் தீர்மானிப்பது பள்ளத்தின் அகலம் மட்டுமல்ல, அந்தப் பள்ளத்தை அந்த உயிர் எப்படி எதிர்கொள்கிறது என்பதும்தான்.

காலமும் தனியே ஓர் அளவுகோல் ஆகாது. காலபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவில் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் ஆண்டுதோறும் குருவிகளைக் கண்காணித்து வந்தார்கள். 1981-இல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பன்யோலா தீவிலிருந்து வழிதவறி வந்த ஒரு பெரிய ஆண் குருவி உள்ளூர்ப் பெண் குருவியோடு கூடியது. அதன் வழித்தோன்றல்கள் வித்தியாசமான பாட்டும் அலகளவும் கொண்டிருந்ததால் உள்ளூர்க் குருவிகள் அவற்றை ஏற்கவில்லை. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் அவை தமக்குள் மட்டுமே கூடும் தனிக் கொடியாகிவிட்டன. அங்கே கலப்பே பிரிவுக்கு வழிவகுத்தது. நம் மலைகளில் பல லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒன்று அங்கே ஒரு மனிதரின் பணிக்காலத்துக்குள் முளைவிட்டிருக்கிறது. அந்தக் கொடி நிலைத்து நிற்குமா என்பது வேறு விஷயம்.

தாளில் மாறியதால் என்ன

கணித ஆசிரியரின் சந்தேகத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் பரப்பும் குறைகின்றன; குறைந்ததும் அது அபாயப் பட்டியலுக்குப் போகிறது; ஆகவே இது பாதுகாப்புக்குப் பணம் சேர்க்கும் உத்தி என்றார் அவர். வகைப்பாட்டின் மீது இப்படி ஓர் அழுத்தம் உண்டாகக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. தீர்ப்பில் பயன் இருக்கும் இடத்தில் தீர்ப்பை வளைக்கும் ஆசையும் இருக்கும். ஆனால் பாணாசுர மலைச் சிலப்பன் பிரிக்கப்பட்டதால் அரிதாகவில்லை. அது வாழ்ந்தது அந்தச் சில உச்சிகளில்தான். பெரிய பெயரொன்றின் கீழ் ஒட்டப்பட்டிருந்த காலத்தில் அதன் அருமை நீலகிரிப் பறவைகளின் எண்ணிக்கைக்குள் ஒளிந்திருந்தது. வெப்பம் ஏற ஏற மேலே போக அதற்கு மலை மிச்சமில்லை என்பதும் எந்தப் பட்டியலாலும் உண்டானதல்ல.

அதைவிட முக்கியமாக, சந்தித்தால் கலக்குமா என்ற அந்தப் பழைய ஊகக் கேள்வி மனிதர்கள் தலையிடும்போது உண்மைக் கேள்வியாகிவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் பூமா கூட்டம் இருபது முப்பது விலங்குகளாகக் குறுகி, உள்ளினக்கலப்பால் வால் கோணலும் இதயக் குறைபாடுகளும் கொண்டிருந்தது. 1995-இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஃபுளோரிடா பூமா ஒரு தனித் துணையினம், அதன் தூய்மை கெட்டுவிடும் என்ற எதிர்ப்பு அப்போது இருந்தது. ஆனால் அந்த இரு கூட்டங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இயற்கையாகவே தொடர்பில் இருந்தவை. அவற்றைப் பிரித்தது மனித ஆக்கிரமிப்பு. கலப்புக்குப்பின் குறைபாடுகள் குறைந்தன, எண்ணிக்கை பெருகியது.

கடைசியாகப் பேசியபோது கணித ஆசிரியர் இதையே நம் மலைகளுக்குத் திருப்பிக் கேட்டார்: நீலகிரியில் சிலப்பன் அழிந்துகொண்டிருந்தால் கொடைக்கானலிலிருந்து பிடித்துவந்து விட்டுவிடலாமா? கூடாது என்றேன். அவை கலக்குமா என்பது எனக்குத் தெரிந்ததால் அல்ல. கலந்தால் என்ன கெடும் என்பதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை, இவ்வளவு காலம் தனியே வந்த ஒன்றின் விஷயத்தில், அழிவின் விளிம்பிலும் எளிதில் நமக்கு வந்துவிடாது என்பதால். ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் உள்ளே தோட்டங்களால் துண்டுபட்ட சோலைகளுக்கிடையே பறவைகளை மாற்றிவிடலாமா என்று கேட்டால் என் விடை வேறு; அங்கே நாம் அறுத்ததை நாம் ஒட்டுகிறோம், அதற்கும் பறவையைப் பிடிப்பதைவிட இடையில் சோலையை வளர்ப்பதே முதல் வழி. இந்த இரண்டு விடைகளும் வேறுபடுவதற்குக் காரணம் தாளில் நடந்த அந்த மாற்றம்தான் என்று சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நீலகிரிக்கும் பாணாசுர மலைக்கும் இடையே உள்ள பிரிவு எவ்வளவு பழையது என்று கேட்டு, அந்த ஆய்வுக் கட்டுரையை அனுப்பச் சொல்லியிருக்கிறார்.